ஒரு சிடிக்குள் இரண்டு பேர்

என் மச்சானின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டோக்கன் என்று சொன்னால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். என் வீட்டுக்காரிக்கு உடன்பிறந்த அண்ணன். ஸ்கேன் சென்டரில் இருபத்திரண்டு வருஷம் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "முப்பத்தாறு... முப்பத்தாறு இருக்கா?" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டியவர். ஆளைப் பெயரால் ஞாபகம் வைத்துக்கொள்ள அவருக்கு வராது. எண்ணும் உறுப்பும்தான் நிற்கும். ஒரு தடவை பஸ்ஸில் ஒருவர் இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார். "யாரு மச்சான்?" என்றேன். "எழுபத்தொண்ணு. முதுகெலும்பு" என்றார்.

சென்டர் ஒரு துணிக்கடையின் மேல் மாடியில் இருந்தது. உள்ளே இயந்திரம், அதற்கு ஒரு குளிர் அறை, வெளியே இரண்டு பெஞ்சு. படம் எடுப்பது வேறு ஆள். எடுத்த படத்தை சிடியில் ஏற்றி, உறையில் பெயர் எழுதி, ஜன்னல் வழியாக நீட்டுவது மச்சான் வேலை. படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் வர வேண்டும். நாற்பது பேர் பெஞ்சிலும் படியிலும் முனகிக்கொண்டிருக்கும்போது பெயரையும் வயதையும் யார் அடித்துக்கொண்டிருப்பது? டோக்கன் எண்ணை மட்டும் அடித்துவிடுவார்கள். பெயர்தான் உறையில் இருக்கிறதே என்பது சென்டரின் சட்டம். படத்தைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்கிற ஆளும் அங்கே கிடையாது. எடுப்பார்கள், கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

வெற்று சிடிக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஸ்டோரில் இருந்தவன் தன் சொத்தைப் பிடுங்குகிற மாதிரி எண்ணி எண்ணிக் கொடுப்பான். இன்னொரு பக்கம், படம் எடுத்துவிட்டு சிடி வாங்க வராதவர்கள் நிறைய. பயம்தான். என்ன இருக்குமோ என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி வராதவர்களின் சிடி மேசை இழுப்பறையில் குவியும். இரண்டு வாரம் பார்ப்பார் மச்சான். வரவில்லை என்றால் மேலே மார்க்கரில் எழுதியதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, சிடியில் மீதி இருக்கும் இடத்தில் அடுத்த ஆளை எழுதிவிடுவார். ஒரு தலை ஸ்கேன் சிடியில் கால்வாசியைக்கூட எடுத்துக்கொள்ளாது. பழையதோடு சேர்க்காமல் புதிதாக எழுது என்று ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும். சிடியைப் போட்டுத் திறந்தால் புதிய ஆள் மட்டும்தான் தெரிவார்.

"பழைய ஆளு என்ன ஆவாரு மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அடியில போயிருவாரு. கரும்பலகையில மேல எழுதினா கீழ இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

பென்சிலால் எழுதியதல்ல, பேனாவால் எழுதியது, அழியாது என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். சொல்லத் தோன்றவில்லை. அதை இப்போது சொல்லி என்ன?

நான் எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரை ஓட்டுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி இந்தா எடுத்துக்கொள் என்று கொடுத்தது. லைசென்ஸ் கேட்காது, உள்ளே என்ன நடக்கிறதென்று மறைக்காது. பழைய சிடிகளைக் காப்பாற்றித் தருவது என் பிழைப்பில் பாதி. அதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிற சிடியை நேராகத் திறக்கவே மாட்டேன். முதல் பொட்டிலிருந்து கடைசிப் பொட்டு வரை அப்படியே உரித்து ஒரே ஃபைலாக எடுத்துவிடுவேன். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கே வெறும் பூஜ்ஜியத்தை நிரப்பிக்கொண்டு மேலே போகும். இந்த ஃபைலுக்கு இமேஜ் என்று பெயர். பிறகு லினக்ஸிடம், இந்த ஃபைலையே ஒரு சிடி என்று நினைத்துக்கொள், படிக்க மட்டும் செய், எதையும் எழுதாதே என்று ஒரு வரி அடிப்பேன். அதற்கு மவுன்ட் என்று பெயர். டிரைவில் எதுவும் இல்லாமலே, சிடி உள்ளே சுற்றுகிற மாதிரி ஃபோல்டர் திறந்துகொள்ளும். அசல் சிடி பத்திரமாகப் பெட்டிக்குள் போய்விடும்.

மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டிலேயே தையல். மெஷினின் மிதி ஓசையும் அக்காவின் வாயும் ஒரே நேரத்தில்தான் நிற்கும். மச்சான் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, தலை இடிக்கிறது என்று படுத்துக்கொண்டார். எங்கள் டாக்டர், ஸ்கேன் எடுத்துத் தலைநகரத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புங்கள் என்றார். மச்சான் வேலை முடிந்தபின் அக்காவைச் சென்டருக்குக் கூட்டிப் போய், வரிசையில் யாரும் இல்லாத நேரத்தில் படம் எடுத்து, தன் கையாலேயே சிடி எழுதி அனுப்பினார். பத்து நாளில் பெரிய டாக்டரின் கடிதமும் சிடியும் திரும்பி வந்தன. பயப்பட ஒன்றுமில்லை, தலைவலி மாத்திரை போதும் என்றிருந்தது. அன்றைக்கு அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

அதிலிருந்து ஏழாம் மாதம், மெஷின் முன்னால் பாதிப் பேச்சில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் புதிதாகப் படம் எடுத்த டாக்டர், மூளையில் கட்டி, ஒரு வருஷமாவது இருந்திருக்கும் என்றார். மறுநாள் அக்கா இல்லை.

அதன்பின் மச்சானுக்கு ஒரே வேலை, அந்தப் பெரிய டாக்டரைத் திட்டுவது. குருடன், படிப்பை விலைக்கு வாங்கினவன், என் பெண்டாட்டியைக் கொன்றவன். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இதுதான். நாலு கடிதம் எழுதினார். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது, ஒரே வரியில். "நீங்கள் அனுப்பியதைத்தான் பார்த்தேன்." அந்தக் காகிதத்தைக் காட்டிக் காட்டி, "திமிரைப் பாத்தீங்களா மாப்ள" என்பார். ஒன்பது வருஷம் அந்தக் கோபம்தான் அவரைக் காலையில் எழுப்பியது, குளிக்க வைத்தது, வேலைக்கு அனுப்பியது. பொய் சொல்லவில்லை, பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

போன வருஷம் சென்டரை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்த மச்சான் ஒரு நாள் மதியம் மூன்று மணி வாக்கில் கடைக்கு வந்தார். மழை வருவதற்கு முன் வருகிற இருட்டு. கையில் உறையோடு அக்காவின் சிடி.

"சிடியெல்லாம் உரிஞ்சு போகும்னு சொன்னீங்கல்ல. இதை ஃபைலா எடுத்து வெச்சிருங்க. நாளைக்கு அந்த டாக்டர் மேல கேஸ் போட்டாலும் போடுவேன்."

"ஒம்பது வருஷம் கழிச்சா?"

"கோபத்துக்கு எக்ஸ்பயரி தேதி உண்டா மாப்ள?"

இமேஜ் எடுக்க இருபது நிமிஷம் ஆனது. மவுன்ட் செய்தேன். உள்ளே அடுக்கடுக்காகப் படங்கள். ஸ்கேன் பார்ப்பதற்கு லினக்ஸில் இலவச நிரல் ஒன்று இருக்கிறது. ரொட்டித் துண்டு மாதிரி சீவி எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முகத்தையே கட்டிக் காட்டிவிடும். சொன்னேன். அக்காவுக்கு நல்ல போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எதை எடுத்தாலும் மெஷின்மேல் குனிந்த தலைதான்.

"காட்டுங்க" என்றார்.

திரையில் கீழிருந்து மேலாக வந்தது. தலை ஸ்கேனில் வாய் வராது, மேலுதட்டோடு அறுந்து நிற்கும். முடியும் வராது. ஈரக் களிமண்ணில் பிடித்து வைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் மேலுதடு, மூக்கு, மூடிய இரண்டு கண், மொட்டைத் தலை. பின்னால் தலையைத் தாங்குகிற தொட்டில். மூலையில் 38 என்று ஓர் எண்.

மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது யாரு மாப்ள?"

"அக்காதான். முடி இல்லாம பாத்தா அப்படித்தான் தெரியும்."

"இடது காதைக் காட்டுங்க."

மவுஸை அசைத்துத் தலையைத் திருப்பினேன். திருப்பும்போது கண்ணைத் திறந்துவிடுமோ என்று ஒரு நினைப்பு வந்து போனது. அக்காவின் இடது காது மடல் சின்ன வயதிலேயே கிழிந்து இரண்டாகத் தொங்கும். இந்தக் காது முழுசாக இருந்தது.

"இது அவ இல்ல" என்றார் மச்சான். டோக்கன் கூப்பிடுகிற அதே குரல்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி தேநீரோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தவள் தம்ளரை அலமாரியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "அண்ணியோட சிடின்னுதானே கொண்டு வந்தே? இது யாரு, வாயில்லாம?"

"தெரியல" என்றார் அண்ணன்.

உறை மாறியிருக்கும் என்று நினைத்தேன். உறை மாறவில்லை என்றார் மச்சான், சிடியின் மேல் இருப்பது தன் கையெழுத்துதான் என்றார். சரி என்று என் வழக்கத்தை மீறி சிடியை டிரைவில் போட்டு நேராகத் திறந்தேன். படங்கள் வந்தன. மூலையில் 1, அன்றைய வரிசை முடிந்தபின் புதிதாகத் தொடங்கின எண். முகம் கட்டச் சொன்னேன். கீழிருந்து எழும்பி வந்தது அக்கா. அதே அகல மூக்கு, இரண்டாகத் தொங்கும் காது மடல். என் வீட்டுக்காரி "அண்ணி" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி ஃபைலைத் திறந்தேன். 38. முழுக் காது. சிடியைத் திறந்தேன். அக்கா. இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். நகல் கெட்டுப் போகும், பாதியில் அறுந்து போகும், திறக்கவே திறக்காது. எல்லாம் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளை நகலெடுத்தால் இன்னோர் ஆள் வந்ததைப் பார்த்ததில்லை. பழைய ஃபைலை அழித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு இமேஜ் எடுத்தேன். இருபது நிமிஷம் மூன்று பேரும் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவ் சுற்றுகிற சத்தம் மட்டும். திறந்தால், அதே ஆள். அதே மூடிய கண்.

"மூடுங்க அதை" என்றாள் என் வீட்டுக்காரி. "ரெண்டு பேரும் ஒரே இடத்துல கண்ணை மூடிட்டுப் படுத்திருக்காங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் சொன்ன பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது. சிடியின் பொருளடக்கத்தைக் கேட்டேன். இரண்டு தடவை எழுதப்பட்ட சிடி என்று வந்தது. மச்சானிடம் விளக்கிச் சொன்னேன். சிடி டிரைவில் இருக்கும்போது, கடைசியாக எழுதினது எந்த இடத்தில் என்று லினக்ஸ் டிரைவைக் கேட்கும், டிரைவ் சொல்லும், அங்கே போய்த் திறக்கும். ஃபைலாக எடுத்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. அதனால் முதல் பக்கத்தையே திறந்துவிடும். இரண்டாவது ஆள் தொடங்குகிற இடத்தின் எண்ணை நாமே எடுத்துக் கொடுத்தால், அதே ஃபைலிலிருந்து அவரும் வருவார். கொடுத்தேன். வந்தார். இப்போது திரையில் இரண்டு ஜன்னலில் இரண்டு முகம், பக்கத்தில் பக்கத்தில்.

மச்சான் இரண்டையும் பார்த்தார். "துடைச்ச சிடி. அன்னைக்கு மேசையில புதுசும் இருந்துச்சு மாப்ள. ஆபீஸ் சாமானை வீட்டு வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு, இழுப்பறையில கிடந்ததைத் துடைச்சு எழுதினேன்."

"உன் நேர்மையில மண்ணு விழ" என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. மச்சான் கேட்டார். "அப்ப அவரு எப்படித் திறந்தாரு?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. பெரிய டாக்டர் சிடியை டிரைவில் போட்டுப் பார்த்திருந்தால் அவர் பார்த்தது அக்காவை. மச்சான் திட்டியது சரி. என்னைப் போல ஃபைலாக எடுத்துத் திறந்திருந்தால் பார்த்தது முப்பத்தெட்டை. அப்படியென்றால் ஒன்பது வருஷமாகத் திட்டிய அத்தனை திட்டும் யாருக்குச் சேரும்?

"எல்லாரும் டிரைவ்லதான் போடுவாங்க மச்சான்" என்றேன். "என்னை மாதிரி கிறுக்கன் எவன் இருக்கான்?"

மறுநாள் காலையில் பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். ரெக்கார்டு ரூம் ஆள் கிடைத்தார். நல்ல மனுஷன், பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர் போல. கம்ப்யூட்டர்காரன் பேசுகிறேன், வெளியூரிலிருந்து வருகிற சிடியை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டேன். மச்சான் காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"டிரைவ்ல போட்டு நேரா திறக்கிற பேச்சே இங்க கிடையாது சார்" என்றார் அவர். "வைரஸ் வந்துரும், சிடி கீறிப் போகும். வந்த உடனே முழு இமேஜா எடுத்து சர்வர்ல ஏத்திருவோம். சிடியைத் திருப்பி அனுப்பிருவோம். டாக்டர் பாக்கிறதெல்லாம் லினக்ஸ்ல மவுன்ட் பண்ணின இமேஜைத்தான். பதினஞ்சு வருஷமா இதான் முறை. நான்தான் கொண்டு வந்தேன்."

"நல்ல முறைங்க" என்றேன். வேறென்ன சொல்ல? நானும் அதைத்தான் செய்கிறேன்.

மச்சான் எழுந்து வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் பெரிய டாக்டரின் முதல் கடிதத்தோடு திரும்பி வந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்ற வரியைத்தான் நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். அதற்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. மச்சான் விரலை வைத்துக் காட்டினார். இடது பக்கம், காதுக்கு மேலே, மிளகு அளவு வெள்ளைப் புள்ளி. பழைய சுண்ணாம்புப் படிவு. தீங்கில்லை.

"முப்பத்தெட்டைத் திறங்க."

முகத்தை விட்டுவிட்டு, சீவல் சீவலாக நகர்த்தினேன். பதினேழாவது படத்தில் இருந்தது. இடது பக்கம், காதுக்கு மேலே, மிளகு அளவு, வெள்ளை வெளேரென்று.

"இப்ப அவளை."

"மச்சான், வேண்டாம்."

"இருபத்திரண்டு வருஷம் மத்தவங்க தலையைப் பாத்தவன். சிடி திறக்குதான்னு பாக்க இவளோட முதல் படத்தை மட்டும் பாத்துட்டு மூடிட்டேன் மாப்ள. பயம். மத்தவனுக்கு வந்தா எட்டிப் பாப்பேன், இவளுக்குப் பாக்கலை. நகர்த்துங்க."

நகர்த்தினேன். இடது பக்கம் புள்ளி இல்லை. வலது பக்கம் படிக்காத எனக்கே தெரிந்தது. முட்டை அளவுக்கு ஒரு கருப்பு, சுற்றிலும் மங்கல். தலையை இரண்டாகப் பிரிக்கிற நடுக்கோடு நேராகப் போக வேண்டியது, அதற்குப் பயந்து ஒதுங்கின மாதிரி இடது பக்கம் வளைந்து கிடந்தது. குருடனும் விட்டிருக்க மாட்டான்.

மச்சான் அழவில்லை. திரையில் அந்தக் கருப்பின்மேல் ஒரு தடவை விரலை வைத்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

ஒரு வாரம் அவர் திட்டவில்லை. சும்மா இருந்தார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "அண்ணன் சத்தம் கேக்காம வீடு வீடா இல்லைங்க" என்றாள் என் வீட்டுக்காரி. எட்டாம் நாள் பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதினார், நடந்ததை நடந்தபடி. ஒரு பக்கம்தான். என் கடை நம்பரைக் கீழே எழுதியிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாயங்காலம், கடைக்குப் போன் வந்தது. வயதான குரல். மச்சானைக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க மனைவி இறந்துட்டாங்கன்னு நீங்க முதல்ல எழுதினப்பவே அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாத்தேன்" என்றார் டாக்டர். "எங்க விட்டேன்னு தேடினேன். நூறு தடவை பாத்திருப்பேன். அதுல ஒண்ணும் இல்ல. இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் கண்ணு போயிருச்சுன்னு நினைச்சேன். அடுத்த வருஷமே படம் பாக்கிறதை நிறுத்திட்டேன்."

"மன்னிச்சிருங்க ஐயா" என்றார் மச்சான். இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அதை விடுங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த மாதிரி துடைச்சு எழுதின சிடி எத்தனை வெளிய இருக்கு?"

மச்சான் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"தெரியாதுங்க ஐயா. நாலு வருஷம் எழுதினேன். தினமும் மூணு, நாலு."

"அப்ப அந்த ஜனங்க எல்லாம் உயிரோட இருக்காங்களான்னு பாக்கணும்" என்றார் டாக்டர். "அவங்களுக்கு யாரோட தலையைப் பாத்து யாரு என்ன எழுதினாங்களோ."

அன்றைக்கு ராத்திரி மச்சான் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஓர் அட்டையோடு வந்தார். மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். துணிக்கடை மாடியில் ஸ்கேன் எடுத்தவர்கள் பழைய சிடியை இங்கே கொண்டு வரவும். கட்டணம் இல்லை. கீழே தன் முழுப் பெயரையும் போட்டிருந்தார், தப்பு என்னுடையது என்று ஒரு வரியும் சேர்த்து. அந்த வரி வேண்டாம், போலீஸ் வரும் என்றேன். "வரட்டும்" என்றார்.

நாங்கள் நினைத்ததைவிட ஜனம் வந்தது. துணிக்கடைக்காரர் தன் கல்லாவுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டையை வைத்துக்கொண்டார். மச்சான் என் கடையில் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இமேஜ் எடுப்பது, மவுன்ட் செய்வது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. இப்போது ஆட்களைப் பெயரைக் கேட்டுத்தான் கூப்பிடுகிறார். முதல் மாதம் நாற்பத்திரண்டு சிடி. அதில் பதினோரு சிடியில் அடியில் வேறு ஆள் இருந்தார். அந்தப் பதினோரு சிடியையும் எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் அவரே போனார். ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள். இன்னொருவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், சிடியை அவர் மகன்தான் கொண்டு வந்திருந்தான். அந்த வீட்டுக்கு மச்சான் தனியாகத்தான் போனார். திரும்பி வந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. என் வீட்டுக்காரி கேட்காமல் தைத்துக் கொடுத்தாள்.

முப்பத்தெட்டு யார் என்று இன்னும் தெரியவில்லை. எங்கேயோ நன்றாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை என்ற கடிதம் அவருக்கு எழுதினதுதான்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டையான ஆள், அகலத் தோள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த தலை ஸ்கேன். மச்சான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"இப்ப திரையில ஒரு மொகம் வரும். அது உங்களோடதா இல்லாம இருக்கலாம். பயந்துக்காதீங்க."

"நான் மலையில லோடு ஏத்துறவன், மொகத்துக்கா பயப்படுவேன்?" என்று சிரித்தார் டிரைவர். ஆனால் கைகள் இரண்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஃபைலைத் திறந்தோம். கீழிருந்து எழும்பியது. மேலுதடு, மூக்கு, மூடிய கண்கள், மொட்டைத் தலை.

டிரைவர் முன்னால் குனிந்து பார்த்தார். "இது நான்தாங்க."

"நல்லாப் பாருங்க."

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? இந்த மூக்கைப் பாருங்க, சின்ன வயசுல உடைஞ்சது."

பொருளடக்கத்தைப் பார்த்தேன். ஒரே தடவை எழுதிய சிடி. அடியில் யாரும் இல்லை. "சரியா இருக்கு மச்சான்" என்றேன்.

மச்சான் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.

"கண்ணைக் கொஞ்சம் மூடுங்க" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தார். திரையில் ஒரு முகம், ஸ்டூலில் ஒரு முகம். மச்சான் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டப் போய் மூக்கைப் பார்த்தார், இடது காதைப் பார்த்தார், சுற்றி வந்து வலது காதைப் பார்த்தார். மறுபடி திரை. மறுபடி ஆள். வெளியே இன்னும் மூன்று பேர் உறைகளோடு நின்றிருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"திறக்கலாமா?" என்றார் டிரைவர், கண்ணை மூடியபடியே.

"கொஞ்சம் இருங்க" என்றார் மச்சான்.